ஓய்வெடுக்கும் உள்ளூர்த் தம்பதி

அந்த ஊரில் ஊரைவிடப் பல்கலைக்கழகம் பெரியது. ஊருக்கு இருந்தது ஒரு கடைத்தெருவும் ஒரு பஸ் நிலையமும்தான். பல்கலைக்கழகத்துக்கோ எண்ணி முடியாத துறைகள். அவற்றில் ஒன்று ஓய்வியல் துறை. மனிதன் வேலை செய்யாதபோது என்ன செய்கிறான் என்பதை ஆராய்வது அதன் பணி. அதற்காகத் துறையில் யாரும் வெளியே அலைந்ததில்லை. அலுவலகத்துக்குள்ளேயே போதுமான சான்றுகள் கிடைத்தன.

பல்கலைக்கழகத்தின் பின்புறம் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம், குன்று என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் ஒரு மேடு. சாயங்காலமானால் ஊர்க்காரர்கள் கரைக்கு வருவார்கள். சிலர் நடப்பார்கள், சிலர் நீந்துவார்கள், சிலர் தண்ணீரில் கல் எறிவார்கள், மீதிப் பேர் சும்மா இருப்பார்கள். இதற்கெல்லாம் வெளிப்புறப் பொழுதுபோக்கு என்று பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கும் அவன் மனைவியும் அங்கே வந்தது பேசுவதற்காக. வீட்டில் பேச முடியாது. அது அண்ணன் வீடு. கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருந்த அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள், இவர்கள் இரண்டு பேர். அறைகளைப் பிரித்தது பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் யாராவது பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்திலிருந்து "என்னாச்சு?" என்று குரல் வரும். அண்ணன் நல்ல மனிதர். அண்ணி அவரைவிட நல்ல மனுஷி. தொல்லையே அதுதான். கெட்டவர்களாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கடை விட்டதும் நேராக ஏரிக்கரைக்கு வந்துவிடுவாள். அவனும் யார் வீட்டு ஃபிரிட்ஜையாவது முதுகு வலிக்க நகர்த்திவிட்டு வந்து சேர்வான். நாவல்மரத்தடியில் ஒரு மரப் பெஞ்சு. அதில் உட்கார்ந்ததும் அவள் ஆரம்பிப்பாள்.

"தனியாப் போயிடலாங்க."

"பாக்கலாம்."

"எப்ப பாக்கலாம்?"

"அண்ணன்கிட்ட எப்படிம்மா சொல்றது? என்னை வளர்த்து ஆளாக்கினவரு."

"ஆளாக்கினாரில்ல? அப்ப ஆள் மாதிரி போய்ச் சொல்லுங்க."

அவன் தண்ணீரைப் பார்ப்பான். அவள் அவனைப் பார்ப்பாள். இருட்டத் தொடங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். பேச்சு முடிந்ததில்லை; ஆனாலும் பேச ஓர் இடமாவது இருந்தது.

அப்போதுதான் ஓய்வியல் துறை விழித்துக்கொண்டது.

ஊர் மக்கள் தங்கள் ஓய்வு நேரத்தை எந்தத் திட்டமும் இல்லாமல் கழிக்கிறார்கள் என்று துறைத் தலைவர் ஓர் ஆய்வில் கண்டுபிடித்தார். பல்கலைக்கழகம் அதிர்ச்சியடைந்தது. ஏரியும் மேடும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம் என்பதால், வெளிப்புறப் பொழுதுபோக்கு மேம்பாட்டு மையம் என்று ஒன்றைத் தொடங்கி அவரையே இயக்குநராக்கியது.

மையம் முதலில் பலகைகள் நட்டது. ஏரி முன்னால் "ஏரி" என்று ஒரு பலகை. மேட்டின் உச்சியில் "காட்சிமுனை" என்று ஒன்று. அங்கிருந்து தெரியும் ஏரியைப் பெரிய வண்ணப்படமாக அச்சடித்து அதில் ஒட்டியிருந்தார்கள். பலகை அகலமாக இருந்ததால் அதற்குப் பின்னால் ஏரி தெரியவில்லை. பரவாயில்லை, படம் தெளிவாக இருந்தது.

நீந்துவது ஆபத்து என்று தடை வந்தது. ஆனால் நீச்சல் பிரியர்களின் மனம் நோகக் கூடாது என்று, நீச்சல் அனுபவக் கூடம் ஒன்று கட்டி, உள்ளே ஏரித் தண்ணீரின் வீடியோவைச் சுவர் முழுக்க ஓடவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். படகுகளும் வந்தன. அவை அசைந்து யாராவது விழுந்துவிடுவார்களோ என்று கரையிலேயே சிமெண்டு மேடை கட்டி அதில் பதித்தார்கள். கரையைச் சுற்றிப் பாதை போட்டார்கள். அதில் கடிகாரம் சுற்றும் திசையில் மட்டுமே நடக்கலாம். எதிர்த்திசையில் நடப்பவரைப் பார்த்து விசிலடிக்க ஒரு வாட்ச்மேன் நியமிக்கப்பட்டார். முந்தைய நாள்வரை அதே கரையில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் அவர். கையில் விசில் வந்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒருநாள் பெஞ்சின் முன் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை. மையத்தின் அனுபவ ஒருங்கிணைப்பாளர்.

"நீங்க தினமும் இங்க வர்றீங்களா?"

"ஆமாங்க" என்றான் மெக்கானிக்.

"என்ன நோக்கத்துல?"

"உக்கார்ற நோக்கத்துலதான்."

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

ஒருங்கிணைப்பாளரின் முகம் மலர்ந்தது. "இதைத்தான் எங்க சார் தேடிக்கிட்டு இருந்தாரு. கலப்படமே இல்லாத ஓய்வு" என்று சொல்லிவிட்டு அவர்களைச் சுற்றி வந்து நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பலகை முளைத்திருந்தது. "காட்சி ஏழு: ஓய்வெடுக்கும் உள்ளூர்த் தம்பதி." ஆறாவது காட்சி சிமெண்டுப் படகு. எட்டாவது கழிப்பறை.

மெக்கானிக் வாட்ச்மேனிடம் போனான். "என்ன அண்ணே இது?"

"உங்களைக் காட்சியில சேர்த்துட்டாங்க. பெரிய விஷயம். எத்தனை பேரு ஆசைப்படறாங்க தெரியுமா?"

"எங்களுக்கு ஆசையில்லையே."

"அப்ப பெஞ்சு கிடையாது. காட்சிக்கு ஒதுக்கின பெஞ்சு அது. காட்சியா இருந்தா உக்காரலாம். ஆளா இருந்தா உக்கார முடியாது."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். ஊரில் அவர்களுக்கென்று இருந்த ஒரே இடம் அந்தப் பெஞ்சுதான். சும்மா உட்கார்ந்திருக்கத்தானே சொல்கிறார்கள், அதைத்தானே இத்தனை நாளும் செய்தோம் என்று அவன் சொன்னான். ஒப்புக்கொண்டார்கள்.

சும்மா உட்கார்வது அவ்வளவு லேசல்ல என்பது பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. குளிரூட்டிய அறையில் இயக்குநர் திரையில் படம் போட்டு விளக்கினார்.

"பொதுமக்கள் என்ன நினைக்கிறாங்கன்னா, இயல்பா இருக்கறது ரொம்ப சுலபம்னு நினைக்கிறாங்க. தப்பு. இயல்பா இருக்கறதுக்கு முறையான பயிற்சி வேணும். நான் இந்தத் துறையில மூணு பட்டம் வாங்கியிருக்கேன். எனக்கே இன்னும் வரல."

பிறகு அவர்கள் உட்காரும் படத்தைக் காட்டினார். "இங்க பாருங்க. நீங்க கழுத்தைச் சொறியறீங்க. பார்வையாளர் மனசுல இது என்ன எண்ணத்தை உண்டாக்கும்? இங்க கொசு இருக்குன்னு."

"கொசு இருக்குங்களே சார்."

"இருக்கறது வேற, தெரியறது வேற. நம்ம மையம் தெரியறதை மட்டும்தான் மேம்படுத்துது." அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க முகத்துல ஏதோ கவலை தெரியுது. வீட்டுலயே விட்டுட்டு வந்துடுங்க."

"வீட்டுல வைக்க இடமில்லாமத்தான் சார் இங்க எடுத்துக்கிட்டு வர்றோம்" என்றாள் அவள். இயக்குநருக்கு அது புரியவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இன்னொரு குறையும் கண்டுபிடித்தார்கள். பாதையிலிருந்து பார்த்தால் தம்பதியின் முதுகுதான் தெரிந்தது. ஆகவே பெஞ்சைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டார்கள். இப்போது அவர்கள் ஏரிக்கு முதுகு காட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து உட்கார வேண்டும். புகைப்படத்தில் ஏரி அவர்களுக்குப் பின்னால் அழகாக விழும். அவர்கள் கண்ணெதிரே விழுந்தது கழிப்பறை.

பார்வையாளர்கள் பேட்டரி வண்டியில் வந்தார்கள். வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொல்வான். "உங்களுக்கு வலது பக்கம், ஓய்வெடுக்கும் உள்ளூர்த் தம்பதி. சத்தம் போடாதீங்க. சாப்பிட எதுவும் குடுக்காதீங்க." வண்டி நிற்கும். படம் எடுப்பார்கள். "நெசமான ஆளுங்களா, பொம்மையா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கணவர் கையிலிருந்த குடையால் மெக்கானிக்கின் முழங்காலை மெல்ல அழுத்திப் பார்த்து, "நெசம்தான்" என்றார்.

பேச்சு துண்டு துண்டாகிப் போனது.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும்" என்று அவள் ஆரம்பிப்பாள். வண்டி வரும். இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து தூரத்தைப் பார்த்து, பயிற்சியில் சொன்ன அளவுக்குச் சிரிப்பார்கள். வண்டி போகும். "என்ன சொல்ல வந்தே?" என்று அவன் கேட்பான். அவள் வாயைத் திறப்பாள். அடுத்த வண்டி வந்துவிடும். ஒரு வாரம் இப்படியே ஓடியது. கடைசியில் அவள் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டாள். வீட்டுக்கு நடக்கும்போதும் பேச முடியாது; வழியெல்லாம் அண்ணனைத் தெரிந்தவர்கள்.

வளாகம் முழுமையடைந்ததாக மையம் அறிவித்தது. திறந்து வைக்கத் துணைவேந்தர் வருகிறார் என்றார்கள். ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்து இரண்டு சட்டை மைக்குகளைக் கொடுத்தாள்.

"தம்பதி பேசறது கேக்கலன்னு பார்வையாளர்கள் குறை சொல்றாங்க. இனிமே உரையாடல் அனுபவமும் உண்டு. மூணு விஷயம்தான் பேசணும். ஏரி, காத்து, அன்பு. கடைத்தெரு வரைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருக்கோம். ஊரே கேக்கும்."

திறப்பு விழாவுக்கு ஊரும் வெளியூரும் திரண்டிருந்தன. நிஜ வாத்துகள் ஒலிபெருக்கிச் சோதனையிலேயே பறந்துவிட்டதால் பிளாஸ்டிக் வாத்துகளைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். துணைவேந்தர் மேடையேறினார்.

"இந்த ஏரியை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன். நம்ம பின்வாசல்லயே ஏரி இருக்குன்னு இத்தனை வருஷமா யாரும் என் கவனத்துக்குக் கொண்டு வரல. கொண்டு வந்த இயக்குநருக்குப் பாராட்டுகள். முன்னாடியெல்லாம் இங்க யார் வேணும்னாலும் வரலாம், எங்க வேணும்னாலும் உக்காரலாம்னு ஒரு கேவலமான நிலைமை இருந்துச்சாம். அதை நாம அடியோட ஒழிச்சுட்டோம். இயற்கை எல்லாருக்கும் பொது. அதனாலதான் அதைச் சுத்தி வேலி போட்டிருக்கோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் விருந்தினர்கள் ஏழாம் காட்சியின் முன் வந்து நின்றார்கள். ஒருங்கிணைப்பாளர் விரலை ஆட்டினாள். மைக் உயிர் பெற்றது.

"ஏரி ரொம்ப அழகா இருக்கு இல்லீங்க?" என்று கழிப்பறையைப் பார்த்தபடி சொன்னாள் அவள். அவள் குரல் மரத்துக்கு மரம் தாவிக் கடைத்தெரு வரை போனது.

"ஆமா. இந்த அமைதி வேற எங்க கிடைக்கும்?" என்று அவன் குரல் அதன் பின்னாலேயே இரைந்துகொண்டு போனது.

அடுத்து காற்று. அவள் காற்றைப் பற்றிப் பேசவில்லை.

"வீடு பாத்துட்டேன்" என்றாள்.

"என்ன?"

"மருந்துக்கடை மாடியில. ஒரு ரூம், ஒரு சமையலறை. பாத்து ஒரு வாரமாச்சு. தினமும் சொல்ல வர்றேன், தினமும் வண்டி வருது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"மைக் இருக்கும்மா" என்று அவன் கிசுகிசுத்தான். கிசுகிசுப்பையும் மைக் விடவில்லை. கடைத்தெருவில் ஒலிபெருக்கிகள் அத்தனையும் "மைக் இருக்கும்மா" என்று கிசுகிசுத்தன.

"இருக்கட்டும். மெதுவாப் பேசிப் பேசி என் தொண்டையே சின்னதாப் போயிடுச்சு. உங்க அண்ணன் குறட்டை நின்னா நாம மூச்சை அடக்கிக்கறோம். நான் ஒரு இருமல் இருமினா அக்கா தண்ணி கொண்டு வந்து நிக்கறாங்க. அவங்க தங்கமானவங்க. அந்தத் தங்கத்தை என்னால தாங்க முடியல. கல்யாணம் ஆகி நாலு வருஷம். உங்களோட ஒரு தடவை மனசு விட்டுச் சண்டை போட்டிருக்கேனா? சண்டை போடக்கூட ஒரு இடம் வேண்டாமா மனுஷிக்கு?"

இயக்குநர் இரண்டு கைகளாலும் ஏதோ சைகை காட்டினார். "அன்பு, அன்பு" என்று ஒருங்கிணைப்பாளர் வாயசைத்தாள். விருந்தினர்கள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மெக்கானிக் கழுத்தைச் சொறிந்தான். பிறகு, வருஷக்கணக்காகத் தண்ணீரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, தண்ணீருக்கு முதுகு காட்டியபடி அவளிடம் சொன்னான்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? எனக்குப் பயம். அவரு தன் படிப்பை நிறுத்திட்டு என்னைத் தொழில் கத்துக்க அனுப்பினாரு. நான் போறேன்னு சொன்னா, இதுக்குத்தானா வளர்த்தேன்னு அவரு ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்? அதான் பாக்கலாம் பாக்கலாம்னே ஓட்டிட்டேன். நான் கோழைம்மா."

அவன் சொன்னது கடைத்தெருக் கம்பங்கள் அத்தனையிலிருந்தும் கேட்டது. சலவைக்கடைக்கு நேர் எதிரே நின்ற கம்பம் எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொன்னது.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வாடிக்கையாளரின் சட்டையைப் பாதி மடித்ததோடு விட்டுவிட்டு ஏரியைப் பார்த்து ஓடினார்.

ஏரி வளாகத்து வாசலில் நுழைந்தால் வலது கைப்பக்கம் கூப்பிடு தூரத்தில் பெஞ்சு. அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தார். வாட்ச்மேன் விசிலடித்தார்.

"எதிர்த்திசைங்க. இப்படிப் போகக் கூடாது. சுத்தித்தான் போகணும்."

"தோ இருக்கான்யா என் தம்பி!"

"யாரா இருந்தாலும் சுத்தித்தாங்க. துணைவேந்தர் பாக்கறாரு."

அண்ணன் சுற்றினார். இஸ்திரி போட்டு நின்றே பழகிய கால்கள், நடக்கப் பழகாதவை. ஏரியின் முழு வட்டத்தையும் அவர் மூச்சிரைக்க நடந்து வருவதைக் கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சிமெண்டுப் படகைத் தாண்டினார். அனுபவக் கூடத்தைத் தாண்டினார். மெக்கானிக்கும் பார்த்தான். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். மைக்கில் இருவரின் மூச்சு மட்டும் கேட்டது.

அண்ணன் வந்து சேர்ந்தார். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் குனிந்து நின்றார்.

"அந்த ரூம்ல..." மூச்சு வாங்கியது. "அந்த ரூம்ல தண்ணி ஒழுங்கா வருமா?"

"அண்ணே, நான் வந்து..."

"டேய், தண்ணி வருமான்னு கேட்டேன்."

"வரும்ங்க" என்றாள் அவள்.

"அப்ப எடுத்துடுங்க. உங்க அண்ணி ரெண்டு வருஷமா என்னைப் போட்டுப் பிடுங்கறா. பெரியவளுக்கு உக்காந்து படிக்க இடமில்ல, அவங்களை வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்கன்னு. எந்த வாயால சொல்றது? உன்னை வெளிய போன்னு சொன்னா நீ என்ன நினைப்பியோன்னு ராத்திரியில முழிச்சுக் கிடக்கறேன். நான் குறட்டை விடறேன்னு சொல்றீங்களே, பாதி நாள் அது நடிப்பு."

அதையும் மைக் கேட்டது. வீட்டில் அண்ணி ஜன்னலோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

மெக்கானிக் எழுந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். அவள் முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், கடைசியில் மைக்கைக் கழற்றி ஒருங்கிணைப்பாளர் கையில் வைத்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள், பாதையை விட்டுக் குறுக்கே. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. விசிலை யாரும் மதிக்கவில்லை.

அந்த மைக்கை இயக்குநர் வாங்கிக்கொண்டார்.

"மதிப்புக்குரியவர்களே, இப்ப நீங்க பாத்தது ஏற்பாடு செஞ்ச நிகழ்ச்சி இல்ல. ஆனா எங்க ஏற்பாடு இல்லாம இது நடந்திருக்காது. இத்தனை வருஷமா இந்தக் குடும்பத்துல தேங்கிக் கிடந்த பிரச்சினையை எங்க பெஞ்சு தீர்த்து வச்சிருக்கு."

"இது தினமும் நடக்கணும்" என்றார் துணைவேந்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சாயங்காலம் ரெண்டு தடவை."

மறுநாளே ஒருங்கிணைப்பாளர் மெக்கானிக்கைத் தேடி வந்தாள். அழுகை, அண்ணன் ஓட்டம், குட்டு, மூன்றும் கட்டாயம் வேண்டும் என்றாள். "பிரச்சினை தீர்ந்துடுச்சுங்களே" என்றான் அவன். "தீர்ந்தது உங்க பிரச்சினை. எங்களுக்கு இன்னும் சீசன் முடியல" என்றாள் அவள். அவன் மறுத்துவிட்டான். மையம் கலங்கவில்லை. நாடகத் துறை மாணவர்களை வைத்து அதே சண்டையை மாலைதோறும் நடத்தியது. இயக்குநருக்கு ஒரு விருதும் கிடைத்தது.

மருந்துக்கடை மாடிக்கு அவர்கள் குடிபோனார்கள். முதல் வாரம் முழுக்கச் சண்டை போட்டார்கள். கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது, யார் முதலில் குளிப்பது, சும்மா ஒன்றும் இல்லாததற்கு. தொண்டை கட்டும்வரை போட்டார்கள். அது அவர்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் வாரம் மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இயக்குநரே வந்திருந்தார்.

"பார்வையாளர்கள் உங்களை மறக்கல. சண்டைக்கு அப்புறம் என்னாச்சு, என்னாச்சுன்னு கேக்கறாங்க. அதனால காட்சியை நீட்டிச்சிருக்கோம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஜன்னலைத் திறந்து வச்சு, வழக்கம்போல வாழ்ந்தாப் போதும்."

"கீழ இறங்குங்க சார்" என்றாள் அவள்.

"அனுமதி கேக்க வரலம்மா. தெரிவிக்க வந்தேன். தெரு பொதுச்சொத்து. பாக்கறதை யாரும் தடுக்க முடியாது."

அன்று மாலை பேட்டரி வண்டி தெருவுக்குள் நுழைந்தது. "மேல பாருங்க, ஜன்னல்ல தெரியறவங்கதான் அந்தத் தம்பதி" என்றது ஒலிபெருக்கி. அவள் ஜன்னலை அறைந்து சாத்தினாள். கீழே எல்லாரும் கைதட்டினார்கள்.

மெக்கானிக் வீட்டிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். வண்டிக்கு நேர் எதிரே நடைபாதையில் போட்டான். அவளும் இறங்கி வந்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். வண்டியிலிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முதலில் அவர்களுக்குக் குதூகலம். படம் எடுத்தார்கள், கையாட்டினார்கள். இவர்கள் பதிலுக்கு ஆட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"அந்தக் கட்டம் போட்ட சட்டை ஏன் இப்படி உக்காந்திருக்காரு?" என்றாள் அவள், ஒளிக்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இயல்பா உக்காரத் தெரியல. பயிற்சி போதாது."

"பக்கத்துல அவரு சம்சாரம். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல போலிருக்கு."

"வீட்டுலயும் இப்படித்தான் இருப்பாங்க. பாவம், அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

கட்டம் போட்ட சட்டைக்காரர் காலை மாற்றிப் போட்டார். அவர் மனைவி அவரைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நகர்ந்ததை இவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பழைய இடத்துக்கே வந்தாள். பின் வரிசையில் ஒருவர் தொலைபேசியை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். வழிகாட்டி ஒலிபெருக்கியைத் தூக்கினான். அவள் பார்வை அவன் பக்கம் திரும்பியது. அவன் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினான்.

"வண்டியை எடுங்கப்பா" என்றது ஒரு குரல். "என்னமோ மாதிரி இருக்கு."

அடுத்த மூன்று மாலையும் வண்டி வந்தது, நாற்காலிகளும் வந்தன. நான்காம் மாலை வண்டி வரவில்லை. மறுநாள் காலையில் வாட்ச்மேன் மட்டும் ஓர் ஏணியோடு வந்து, ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு பலகையை ஆணியடித்துவிட்டுப் போனார். "இக்காட்சி பராமரிப்புப் பணிகளுக்காக மூடப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

கழற்றிப் போடலாம் என்று மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அவள் தடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும். இவங்க எழுதி வச்சதுலயே இது ஒண்ணுதான் உருப்படியா இருக்கு."

பலகை இன்னமும் அங்கேதான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எல்லாரும் திரும்பிப் போய்விடுகிறார்கள். பல்கலைக்கழகத்து ஆட்கள் உள்பட. மேலே ஜன்னல் திறந்தே இருக்கிறது.